7×57 மவுசர் தோட்டாவைச் சொந்தமாக நிரப்புதல்: பிரஸ்ஸுக்கு முன்னால் துப்பாக்கியைப் பாருங்கள்

டெக்சாஸில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 1970களில் செய்யப்பட்ட ரூகர் 77 ரைஃபிள் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. அது 7×57 மவுசர் தோட்டாவுக்கு உரியது. கடைகளில் அந்தத் தோட்டா எப்போதாவதுதான் கிடைக்கிறது. கிடைத்தாலும் விலை அதிகம், வேகம் குறைவு. விற்றுவிட்டு 7 எம்எம்-08 என்ற புதிய தோட்டாவுக்குரிய துப்பாக்கியை வாங்கிக்கொள் என்று வேட்டைக்கு உடன் வருபவர்கள் சொல்கிறார்கள். சுட்ட கூட்டையே மறுபடியும் பயன்படுத்திச் சொந்தமாகத் தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்வதால் பயன் உண்டா, எங்கிருந்து தொடங்குவது, நிரப்பியதை நண்பரின் பழைய ஸ்பானிய மவுசருக்கும் கொடுக்கலாமா, வால்பாறையில் உரிமத்துடன் .275 ரிக்பி வைத்திருக்கும் பெரியப்பாவுக்கும் இந்த வழி உதவுமா என்று கேட்கிறார்.

பயன் உண்டு, துப்பாக்கியை விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் பணம் மிச்சமாகும் என்பதற்காகவோ குண்டை இன்னும் வேகமாகத் துரத்த வேண்டும் என்பதற்காகவோ இதில் இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். தொழிற்சாலை எந்தத் துப்பாக்கியை மனத்தில் வைத்து நிரப்புகிறதோ, அது உங்களுடையது அல்ல. 7×57 விஷயத்தில் சொந்தமாக நிரப்புவதற்கான உண்மையான காரணம் அதுதான்.

இந்தத் தோட்டா 1892-93 வாக்கில் பிறந்தது. ஸ்பெயின் 1893 மாதிரி மவுசருடன் இதை ஏற்றுக்கொண்டது. 1898-இல் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் அமெரிக்கப் படையினர் இதன் எதிர்முனையில் நின்று பாடம் கற்றார்கள், அதன் விளைவுகளில் ஒன்றுதான் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு. அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவில் போயர்கள் இதே தோட்டாவைக் கொண்டு பிரிட்டிஷ் படையைத் திணறடித்தார்கள். அன்றைய குண்டு 173 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) எடையுள்ள, மூக்கு மழுங்கிய, நீளமான குண்டு. லண்டன் ரிக்பி நிறுவனம் இதே தோட்டாவுக்கு .275 ரிக்பி என்று பெயர் சூட்டி விற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வழங்கப்பட்ட ரைஃபிள் அந்த வகைதான். ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் இதைக் கொண்டு யானைகளைச் சுட்டார் என்பதும் உண்மையே. அவர் யானையின் மூளை இருக்கும் இடத்தை அறுவை மருத்துவரைப் போல அறிந்தவர், நாம் அப்படி அல்ல என்பதையும் சேர்த்தே அந்தக் கதையை நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு பழைய வரலாறு உள்ள தோட்டாவுக்கு ஒரு சுமை உண்டு. 1893, 1895 மாதிரி மவுசர்களும், அவற்றுக்கும் முந்தைய வடிவமைப்பான ரெமிங்டன் ரோலிங் பிளாக் துப்பாக்கிகளும் இன்றும் மக்கள் கையில் இருக்கின்றன. அவற்றின் எஃகும் பூட்டும் அந்தக் காலத்தவை. போல்ட்டில் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டில்) 1898 மாதிரியில் வந்த மூன்றாவது பாதுகாப்புப் பிடிப்பு 1893-இல் கிடையாது. கடையில் பெட்டியை வாங்குபவர் எந்தத் துப்பாக்கியில் அதை நுழைப்பார் என்பது தொழிற்சாலைக்குத் தெரியாது. எனவே அமெரிக்கத் தரநிலை இந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 51,000 பவுண்டு என்று நிறுத்தியிருக்கிறது. 1980-இல் வந்த 7 எம்எம்-08 தோட்டாவுக்கு இதே அளவு 61,000. ஐரோப்பியத் தரநிலை 7×57-க்கு 3,900 பார் வரை அனுமதிக்கிறது. அது ஏறத்தாழ 56,500 பவுண்டு ஆகும், ஆனால் இரு தரப்பினரும் அளக்கும் முறை வேறு என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. 140 கிரெயின் குண்டைக் கடைத் தோட்டா வினாடிக்கு 2,660 அடி வேகத்தில் அனுப்புவதும், கூடு சிறியதாக இருந்தும் 7 எம்எம்-08 அதே குண்டை 2,800 அடியில் அனுப்புவதும் இந்த அழுத்த வேறுபாட்டால் நேர்வதே தவிர, உங்கள் தோட்டாவின் வடிவத்தில் உள்ள குறை அல்ல. நல்ல நிலையில் உள்ள ரூகர் 77 இவ்வளவு பயந்து நடத்தப்பட வேண்டிய துப்பாக்கி இல்லை.

இந்த விளக்கத்திலேயே உங்கள் நண்பரின் மவுசருக்கான பதிலும் அடங்கியிருக்கிறது. உங்கள் துப்பாக்கிக்கென்று நிரப்பியதை அவரிடம் கொடுக்கவே கூடாது. பெயரும் அளவும் ஒன்றாக இருப்பதால் அது அவருடைய துப்பாக்கியின் சேம்பரில் (தோட்டா அமரும் அறையில்) வழுக்கிக்கொண்டு நுழையும். துப்பாக்கி அதைத் தடுக்காது, நீங்கள்தான் தடுக்க வேண்டும். அவருக்கு வேண்டுமென்றால், அந்தத் துப்பாக்கியை முதலில் ஒரு நல்ல துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்டி ஹெட்ஸ்பேஸை, அதாவது சேம்பரில் கூடு அமரக் கிடைக்கும் நீளத்தை, அளந்துகொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு கடைத் தோட்டாவே அவருக்குப் போதும். ஒரே மேசையில் இரு வகையாக நிரப்பி, பெட்டி மேல் எழுதிவைத்தால் போதும் என்று நம்புவதை நான் ஏற்பதில்லை. பெட்டியிலிருந்து வெளியே வந்த தோட்டாவின் மேல் எதுவும் எழுதியிருக்காது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு: பித்தளைக் கூடு, பிரைமர் (ஊசி அடித்ததும் பொறி எழுப்பும் சிறு மூடி), பவுடர் என்னும் வெடிமருந்து, குண்டு. இவற்றில் மறுபடியும் பயன்படுவது கூடு மட்டுமே, விலையில் பெரும்பங்கும் அதற்கே. எனவே இந்தக் கலையின் பாதி, கூட்டைப் பேணுவதுதான். இந்தப் பித்தளை ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. சுடும்போது விரிந்து சேம்பர் சுவரில் அப்பிக்கொண்டு, பிறகு சற்றே சுருங்கி வெளியே வருகிறது. வந்ததை பிரஸ் என்னும் அழுத்து கருவியால், டை என்னும் எஃகு அச்சின் உள்ளே அழுத்தி மறுபடியும் அளவுக்குக் கொண்டுவருகிறோம். புதியவர்கள் கூட்டைக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

டையுடன் வரும் காகிதத்தில், அதைக் கூடு பிடிப்பானில் முட்டும்வரை இறக்கி மேலும் சற்றே திருகு என்று எழுதியிருக்கும். அப்படிச் செய்தால் எந்தத் துப்பாக்கியிலும் நுழையும் கூடு கிடைக்கும். ஆனால் 7×57 சேம்பர்களில் தாராளமாக வெட்டப்பட்டவை பல. உங்கள் சேம்பரின் தோள் (கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) முன்னே தள்ளியிருக்க, கூட்டின் தோளை டை பின்னே தள்ளிவிட்டால், இடையில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. சுடும்போது பிரைமரை அடிக்கும் ஊசி கூட்டை முன்னே தள்ளுகிறது. அழுத்தம் ஏறியதும் கூட்டின் மெல்லிய முன்பகுதி சுவரைப் பற்றிக்கொள்ள, தடித்த அடிப்பகுதி மட்டும் பின்னால் போல்ட்டின் முகம் வரை நீள்கிறது. நீளும் பித்தளை எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. இப்படியே சில முறை நடந்தால் கூடு அந்த இடத்தில் இரண்டாக அறுந்து, கொதிக்கும் வாயு உங்கள் முகத்தை நோக்கி வழி தேடும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோள் வரையான நீளத்தை அதற்கென்று உள்ள அளவியால் அளந்துகொள்ளுங்கள். டையைச் சிறிது சிறிதாக இறக்கி, அந்த நீளம் 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் குறையும் இடத்தில் பூட்டிவிடுங்கள். போல்ட்டிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டுக் கூட்டை நுழைத்துப் பார்த்தால் கைக்கே தெரியும்: சரியான அளவில் போல்ட்டின் கைப்பிடி கடைசிக் கால் பங்கில் மட்டும் மெல்லத் தயங்கி இறங்கும். தயங்காமல் தானாக விழுந்தால் தோளை அதிகமாகத் தள்ளிவிட்டீர்கள். உள்ளங்கையால் தட்டி இறக்க வேண்டியிருந்தால் போதவில்லை. வேட்டைக்குச் செல்பவருக்குத் தட்டி இறக்கும் தோட்டா உதவாது.

ஏற்கெனவே மெலிந்த கூட்டைக் கண்டுபிடிக்க ஒரு காகிதக் கிளிப் போதும். அதை நிமிர்த்தி, நுனியைச் செங்கோணமாக மடக்கி, கூர்மையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கூட்டின் உள்ளே விட்டு, அடியைத் தொட்டபின் சுவரை உரசியபடி மேலே இழுங்கள். நல்ல கூட்டில் அது வழுக்கிக்கொண்டே வரும். அடியிலிருந்து அரை அங்குலத்துக்குள் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், வெளியே அந்த இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள். நசுக்காமல் போட்டால் சிக்கனம் பார்க்கும் மனம் அதை மறுபடியும் எடுத்துவிடும்.

கூட்டை மெருகேற்றுவதில் பலர் காட்டும் ஆர்வம் எனக்குப் புரிவதில்லை. அழுக்கும் மணலும் போனால் போதும். ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அம்மோனியா கலந்த மெருகுப் பொருள்களைத் தொடாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் பித்தளை தானாகவே வெடிப்பு விட்டது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளங்கியது. பருவ வெடிப்பு என்று உலோகவியலில் இன்றும் வழங்கும் பெயர் நம் பருவமழையிலிருந்து போனதே.

பிரைமர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பெரிய ரைஃபிள் பிரைமர் வாங்குங்கள், அடிப்பரப்புக்கு மேல் துருத்தாமல் அழுத்துங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அதன் பெட்டியிலேயே வைத்திருங்கள். அதில் ஈயச் சேர்மம் இருப்பதால் வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டே சாப்பிட உட்காருங்கள். பழைய ஐரோப்பிய ராணுவக் கூடுகளில் நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவை பெர்டான் வகை, உங்கள் டையின் ஊசியை முறித்துவிடும், ஒதுக்கிவிடுங்கள். பெர்டான் அமெரிக்கர், அவருடைய முறை ஐரோப்பாவில் வேர்விட்டது. பாக்ஸர் ஆங்கிலேயர், அவருடைய முறை அமெரிக்காவில். யார் இதைத் திட்டமிட்டாலும் இப்படி வந்திருக்காது.

பவுடரில்தான் நிதானம் வேண்டும். எத்தனை கிரெயின் என்ற எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த எண் ஹார்னடி, நோஸ்லர், சியரா, லைமன் போன்றவர்கள் அச்சிட்ட கையேட்டில், நீங்கள் வாங்கிய அதே குண்டுக்கு எதிரே இருக்க வேண்டும். வேறு எங்கிருந்தும் வரக் கூடாது. இரண்டு கையேடுகளைத் திறந்து வைத்தால் எண்கள் ஒத்துப்போகாததைக் காண்பீர்கள். குண்டின் உறை, குழல், பவுடரின் தயாரிப்புத் தொகுதி ஆகியவை மாறினால் அழுத்தமும் மாறும். 7×57-இல் கூடுதலாக, சிலர் பழைய மவுசர்களை நினைத்துச் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள், சிலர் நவீனத் துப்பாக்கியை நினைத்துச் சற்று மேலே போகிறார்கள். எந்தக் கையேட்டைப் பின்பற்றினாலும் அதன் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள்.

இந்தக் கூட்டின் கொள்ளளவுக்கு, 4350 என்ற எண்ணால் வழங்கும் வகையின் வேகத்தில் எரியும் பவுடர்கள் நன்றாகப் பொருந்துகின்றன. அவற்றில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், கூட்டைக் கிட்டத்தட்ட நிறைத்துவிடுவது. கவனக்குறைவாக ஒரே கூட்டில் இரண்டு முறை ஊற்றினால் மேசை மேல் கொட்டிவிடும், கண்ணுக்குத் தெரியாமல் போகாது. ஆனால் ஐஎம்ஆர் 4350 வேறு, ஹெச் 4350 வேறு, இன்னொரு நிறுவனத்தின் 4350 வேறு. எண் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்து ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்வது ஆபத்து. மேசை மேல் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் திறந்திருக்க வேண்டும் என்ற பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

உதை குறைவாக இருக்கட்டும் என்று மெதுவாக எரியும் பவுடரைக் கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே குறைப்பவர்கள் உண்டு. குறைத்தால் பாதுகாப்பு கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பாதி காலியான கூட்டில் அத்தகைய பவுடர் சீராகப் பற்றாமல் அழுத்தம் எதிர்பாராமல் எகிறக்கூடும். வீட்டில் வேறு யாராவது பழகுவதற்கு மென்மையான தோட்டா வேண்டுமென்றால் ஹெச் 4895 பயன்படுத்துங்கள்; கையேட்டின் உச்ச அளவில் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் அதைக் குறைக்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்லியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ராணுவத்தின் உபரி 4895 பவுடரை வாங்கி அஞ்சல் மூலம் விற்றுத்தான் புரூஸ் ஹாட்ஜ்டன் அந்த நிறுவனத்தையே தொடங்கினார். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு பரவலானதில் அந்த மலிவுப் பவுடருக்குப் பெரிய பங்கு உண்டு.

அழுத்தம் மிகுந்துவிட்டதா என்பதைச் சுட்ட பிரைமரின் தட்டையான முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது ஓரளவு சோதிடம்தான். மெல்லிய பிரைமர் குறைந்த அழுத்தத்திலேயே தட்டையாகும், தடித்தது மிகுந்த அழுத்தத்திலும் உருண்டையாகவே நிற்கும். போல்ட்டைத் தூக்குவது கடினமாகி, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழும்போது நீங்கள் எல்லையைத் தாண்டிப் பல அடி போயிருப்பீர்கள், அதிலும் 51,000 என்ற எல்லையை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். இதைவிட நேர்மையான சாட்சி, வேகம் அளக்கும் குரோனோகிராஃப். கையேடு சொன்ன உச்ச வேகத்தை, அதே நீளக் குழலில், உச்ச அளவுக்கு முன்னதாகவே எட்டிவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். வேகம் அழுத்தத்திலிருந்துதான் வருகிறது. உங்கள் குழலுக்கு மட்டும் யாரும் இலவசமாகக் கொடுப்பதில்லை. வெள்ளை வால் மானுக்கு, வழக்கமான வேட்டைத் தூரங்களில், 140 கிரெயின் குண்டு 2,700 முதல் 2,800 அடி வேகத்தில் போனால் தாராளம்.

குண்டை எவ்வளவு ஆழம் அமர்த்துவது என்ற கேள்வி இந்தத் தோட்டாவில் எப்போதும் எழும். பழைய 173 கிரெயின் குண்டின் நீளத்துக்கு ஏற்பப் பல 7×57 குழல்களின் தொண்டை (சேம்பருக்கும் வரிப்பள்ளங்களுக்கும் இடைப்பட்ட பகுதி) நீளமாக வெட்டப்பட்டிருக்கிறது. அதனால் 140 கிரெயின் குண்டு குழலின் வரிப்பள்ளங்களைத் தொடுவதற்கு முன் சற்றுத் தூரம் தாவ வேண்டியிருக்கும். வரிக்கு அருகே அமர்த்தினால்தான் துல்லியம் வரும் என்று படித்துவிட்டு, குண்டின் அடி கழுத்தில் நுனியால் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கும்படி வெளியே இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த தோட்டா மேகஸினிலும் நுழையாது, நுழைந்தாலும் உதையில் குண்டு நழுவும். தரநிலை சொல்லும் 3.065 அங்குல மொத்த நீளத்தை மீறாமல், கையேட்டில் அந்தக் குண்டுக்குச் சொன்ன நீளத்தில் தொடங்குங்கள். தாவலைப் பொருட்படுத்தாத குழல்கள் நிறைய. உங்களுடையது பொருட்படுத்தினால், நீளமான 160 அல்லது 175 கிரெயின் குண்டைப் போட்டுப் பாருங்கள். 7×57 குழல்களில் வரிப்பள்ளங்களின் வேகமான முறுக்கு அவற்றுக்காகவே அமைந்தது.

துல்லியத்தை எப்படி மதிப்பிடுவது என்பதில் நான் பெரும்பாலானவர்களுடன் முரண்படுகிறேன். பவுடரை 0.2 கிரெயின் வீதம் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு சுட்டு, இலக்கில் துளைகளின் கூட்டம் மிகச் சிறியதாக விழுந்த அளவைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒரே பெட்டியில் ஒரே மாதிரி நிரப்பிய தோட்டாக்களை மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள்: ஒரு கூட்டம் அரை அங்குலத்திலும் இன்னொன்று ஒன்றேகால் அங்குலத்திலும் விழும். அளவு மாறாமலே இவ்வளவு மாறும் என்றால், அளவை மாற்றியதால்தான் மாறியது என்று எப்படிச் சொல்வது? தற்செயலுக்குப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம். இரண்டு மூன்று அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக, குழலை ஆறவிட்டு, வெவ்வேறு நாள்களில் சுடுங்கள். வேட்டைத் துப்பாக்கியில் எல்லாவற்றையும்விட முக்கியம், ஆறிய குழலிலிருந்து போகும் முதல் குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதே. டெக்சாஸின் கோடைக்கும் நவம்பர் விடியலுக்கும் இடையே பவுடரின் நடத்தை மாறும் என்பதால், குளிரில் உச்சத்துக்கு அருகே தேர்ந்தெடுத்த அளவைக் கோடையில் அப்படியே சுடாதீர்கள்.

செலவுக்கு வருவோம். ஒற்றை நிலைப் பிரஸ், டை, தராசு, அளவி, கூடு நறுக்கும் கருவி என்று முதலில் போடும் பணம், ஆண்டுக்கு இரண்டு பெட்டி சுடுபவருக்குத் திரும்பி வரவே வராது. 2020-க்குப் பிறகு பிரைமர் கிடைக்காமல் எல்லோரும் அலைந்த காலத்தையும் நினைவில் வையுங்கள். ஆனால் கடையில் தோட்டா இல்லாத நாளிலும், நூறு நல்ல கூடுகள் வைத்திருப்பவரின் 7×57 சுட்டுக்கொண்டே இருக்கும். 7 எம்எம்-08-க்கு மாறுவதைவிட அது மலிவு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சொந்தப் பயனுக்கு நிரப்ப உரிமம் தேவையில்லை, விற்க வேண்டுமென்றால் தேவை; மாநில விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்பாறைப் பெரியப்பாவுக்கு இந்த வழி இல்லை. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் கேட்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்கு ஈடாகாது. ஊருக்குப் போகும்போது பெட்டியில் சில கூடுகளையும் ஒரு டையையும் வைத்துக்கொண்டு போகலாம் என்றும் எண்ண வேண்டாம். அந்தச் சட்டத்தின் வரையறையில் தோட்டாவின் உதிரிப் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூடத் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடங்குகின்றன. 10-ஆம் பிரிவின்படி அவற்றை உரிமமின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதும் குற்றம்.